வெள்ளம் வந்தால் கத்தும் பெட்டி

எங்கள் அம்மாவுக்கு வாளையாறு செக்போஸ்ட் தாண்டினால் வெளிநாடு. பொள்ளாச்சிச் சந்தையில் மூட்டை தூக்கும் அப்பாவும் கூட்டாளிகளிடம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்: "பையன் வெளிநாட்டுல இருக்கறான்." நான் இருந்தது மட்டாஞ்சேரியில். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனாலும் அவர்கள் சொன்னதில் பெரிய பொய் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க முடியாமல், "இது போகுமா, இது போகுமா" என்று கண்டக்டரைக் கேட்டுக்கொண்டு நிற்கிற ஊர் வெளிநாடு இல்லாமல் வேறென்ன?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. மட்டாஞ்சேரி மிளகு மண்டிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. வந்த வேகத்தில் கெட்டும் போய்க்கொண்டிருந்தது. அவற்றைப் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. கேபினெட்டைத் திறந்து புளோயரைப் பிடித்தால் உள்ளிருந்து மிளகுத் தூசியும் சுக்குத் தூசியும் புகை மாதிரி கிளம்பும். தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் கொட்டும். எனக்கோ அது தீபாவளி மருந்து வாசனை. ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் உள்ளே என்ன இருக்குமோ என்று கை பரபரக்கும்.

கடையில் 'இனி உருப்படாது' என்று ஒதுக்கிய சாமான்களெல்லாம் என் அறைக்கு வந்து சேர்ந்தன. அறை என்றால், ஒரு சந்தில் வரிசையாக நின்ற வீடுகளில் கடைசி வீட்டின் மேலே மரப்பலகை போட்ட மச்சு. வெளிப்பக்கம் ஏணிப்படி. நிமிர்ந்து நின்றால் ஓடு தலையில் இடிக்கும். சுவரில் ஒரு பலகையை அடித்து மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாவற்றையும் சாமி படம் மாட்டுகிற மாதிரி மாட்டிவைத்திருந்தேன். ஸ்விட்ச் கிடையாது. ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு பின்னைத் தொட்டுவிட்டால் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும். முதல் முறையாக அது 'பீப்' என்று ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தபோது நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு அண்ணன் கம்போடு படியேறி வந்துவிட்டார்.

"எந்தா தம்பி, பாம்பா?"

"கம்ப்யூட்டருங்கண்ணா! உசுரு வந்துருச்சு!"

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பைக் கீழே வைத்தார். "இதுக்காடா இந்த பகளம்?" என்று இறங்கிப் போனார்.

அந்த அண்ணன் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தது. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் மலையாளத்தில் முக்கி எடுத்த தமிழ். பாதி வாக்கியம் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், மீதி யாரோ மாதிரி இருக்கும். அண்ணனும் அவர் தங்கையும் மட்டும்தான் அந்த வீட்டில். தங்கை என்றாலும் எனக்கு மூத்தவர், அக்கா. தையல்காரி. காலையில் நான் இறங்கும்போதும் மாலையில் ஏறும்போதும் ஜன்னலுக்குள் தையல் மெஷின் மீது கவிந்த தலைதான் தெரியும். ஒருதரம் "அக்கா, இந்த பக்கெட் உங்களுதா?" என்று கேட்டேன். நிமிர்ந்து, சிரித்து, திரும்பவும் குனிந்துகொண்டார். அதிகம் பேசாத சுபாவம் போல என்று விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டருக்கு அடுத்தபடியாக நான் செய்தது, கைதட்டினால் எரிந்து, மறுபடி தட்டினால் அணையும் விளக்கு. ஒரு மைக், நாலு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. படுத்துக்கொண்டே 'டப்' என்று தட்டுவேன். எரியும். 'டப்.' அணையும். அந்தச் சந்தோஷத்தில் தூக்கமே வராது. ஆனால் என் கைக்கும் எதிர் வீட்டுச் சேச்சியின் துணிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. சேச்சி கல்லில் துணியை ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஆளில்லாத என் அறையில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. நான் வேலை முடிந்து வந்தபோது சந்தில் நாலைந்து பேர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடா பாண்டி, நின்றெ முறியில் பிரேதம்!" என்றார் சேச்சி. பாண்டி என்றால் அங்கே தமிழன். என் அறையில் பேய் என்கிறார். சொல்லிவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகவே ஒரு துண்டை எடுத்துக் கல்லில் அடித்தார். மேலே பளிச்சென்று எரிந்தது. சந்தே சிரித்தது.

அன்று சாயங்காலம்தான் அண்ணன் மறுபடி படியேறி வந்தார். இந்தத் தடவை கம்பு இல்லை.

"தம்பி, நீ இந்த லைட்டுப் பரிபாடி செஞ்சிருக்கியே, அதுபோல எனக்கும் ஒரு சாதனம் வேணும்."

"சொல்லுங்கண்ணா!" கேட்டதுமே சால்டரிங் அயர்னைச் சொருகிவிட்டேன். எதைச் செய்யப் போகிறோம் என்று தெரியாவிட்டாலும் அது சூடாகட்டும்.

"எனக்கு ஏலூர் கம்பெனியில பெர்மனன்ட் ஆயாச்சு. ரெண்டு பஸ் மாறிப் போகணும். ஷிப்ட். வெள்ளம் வர்ற நேரம் இங்க நான் இல்ல. வெள்ளம் வந்தா கத்துற மாதிரி ஒரு சாதனம் உண்டாக்கித் தருவியா? அவளுக்கு அறியணும். அம்புட்டுதான்."

வெள்ளம் என்றால் அங்கே குடிதண்ணீர். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், வந்த புதிதில் சந்தில் யாரோ "வெள்ளம் வந்நே!" என்று கூவியதைக் கேட்டு ஹார்ட் டிஸ்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றவன் நான். இந்த முறை ஏமாறவில்லை. குடிதண்ணீர், குழாயில் வருவது, சரியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையில் அடுத்த வார்த்தையை யோசிக்கவே இல்லை.

மட்டாஞ்சேரியில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்தத் தண்ணீருக்கே தெரியாது. வந்தாலும் மேலே ஏறத் தெம்பிருக்காது. அதனால் வீட்டு வாசலில் இடுப்பளவு குழி வெட்டிக் குழாயைக் குழிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். எங்கள் வரிசையில் கடைசி வீடு தாழ்ந்த பக்கம். தண்ணீர் வந்ததும் முதல் கொஞ்ச நேரம் நேராக இங்கேதான் ஓடி வரும். மேலே இருப்பவர்களுக்குச் சேதி தெரிந்து ஒவ்வொருவராகக் குழாயைத் திறந்துவிட்டால் இங்கே நின்றுவிடும். ஆக அந்த முதல் கொஞ்ச நேரம்தான் கடைசி வீட்டின் குடிதண்ணீர். இத்தனை காலம் அண்ணன் குழிக்குள் காதைக் கொடுத்து அந்த நேரத்தைப் பிடித்திருக்கிறார்.

"இல்லேன்னா என்னங்கண்ணா பண்ணுவீங்க?"

"இல்லேன்னா ஏலூர்தான். அங்க கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுக்கும். வேணுமா வேண்டாமான்னு இந்த மாசத்துக்குள்ள பறயணும்." கீழே மெஷின் ஓடும் சத்தம் பலகை வழியாக வந்துகொண்டிருந்தது. "அவளுக்குள்ள ஆளுக எல்லாம் இங்கயாக்கும். இந்தத் தெரு, அடுத்த தெரு. அளவு சொல்லாமலே தைப்பா. ஏலூர்ல போயி அவ யாருக்குத் தைக்க? சும்மா இருந்து சோறு திங்கவா?"

அந்த வார்த்தையில் எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஒரு ரிலே, ஒரு டிரான்சிஸ்டர். இதற்காக ஒரு வீடு காலியாவதா? "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சர்றேனுங்கண்ணா!" என்றேன்.

மறுநாளே படகு ஏறி எர்ணாகுளம் போனேன். ஒரு சந்துக் கடையில் பழைய பிஸ்கட் டப்பாக்களில் டிரான்சிஸ்டர்களைப் பருப்பு மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள். கடைக்காரருக்கும் எனக்கும் பாஷை தேவைப்படவில்லை. நம்பரைச் சொன்னால் கை டப்பாவுக்குள் போகும். திரும்பும் படகிலேயே மடியில் வைத்து இணைக்கத் தொடங்கிவிட்டேன். வேலை எளிதுதான்: குழாய் வாயில் இரண்டு கம்பி. தண்ணீர் இரண்டையும் தொட்டதும் கரண்ட் கசிந்து டிரான்சிஸ்டரை எழுப்பும், அது ரிலேயை இழுக்கும், ரிலே நாம் சொல்வதைச் செய்யும்.

நான் என்ன சொன்னேன் என்றால், கத்தச் சொன்னேன்.

சின்ன பஸ்ஸர் எனக்குப் போதவில்லை. தையல் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டாமா? பள்ளுருத்தியில் பழைய கார்ச் சாமான் விற்கும் கடையில் ஒரு ரிவர்ஸ் ஹாரன் கிடைத்தது. கார் பின்னால் வரும்போது பாட்டுப் பாடுமே, அது. பாட்டு முடிந்ததும் நாய் குரைப்பது மாதிரி ஒரு சத்தம் வேறு அதில் உண்டு. கடையில் போட்டுக் காட்டியபோது ரோட்டில் போன ஆட்டோக்காரர் பிரேக் அடித்தார். இதுதான், இதுதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் வாசல் குழியில் கம்பியை இறக்கி, ஹாரனை இறவாரத்தில் சந்தைப் பார்க்க மாட்டினேன். அக்கா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, ஏறி நிற்க ஒரு ஸ்டூல் கொண்டுவந்து கொடுத்தார். "பாருங்கக்கா, இது வந்து ரிலே, தண்ணி பட்டதும்..." என்று நான் விடாமல் பேசினேன். அவர் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

தண்ணீர் அன்றைக்கே வந்தது. மத்தியானம் மச்சில் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஹாரன் பாடியது. பாடி முடித்துக் குரைத்தது. நான் எச்சில் கையோடு படியில் பாய்ந்தேன். அதற்குள் சந்து முழுக்கக் குடமும் பக்கெட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் குழாய் திறக்கும் கீச்சுச் சத்தம். எதிர் வீட்டுச் சேச்சி குடத்தை இடுப்பில் இடித்துக்கொண்டு, "எடா பாண்டி! அடிபொளி சாதனம்! இனி நாங்க சீரியலும் பார்க்கலாம், வெள்ளமும் பிடிக்கலாம்!" என்று எனக்காகத் தமிழிலும் ஒரு வரி சேர்த்துச் சொன்னார்.

கடைசி வீட்டுக் குழியில் தண்ணீர் நூலாக இளைத்து, சொட்டாகி, நின்றே போனது. ஜன்னலுக்குள் மெஷின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா! தண்ணி வந்துச்சுக்கா! அக்கா!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

சேச்சி நின்றுவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவள்க்குச் செவி கேள்க்கில்லடா. ஜனிச்சப்போ முதலே. இந்தத் தெருவுல எல்லார்க்கும் அறியாம்." பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "பொட்டன் நீயாணு!"

பொட்டன் என்றால் காது கேளாதவன். மடையன் என்றும் அர்த்தம். இரண்டும் அன்றைக்கு எனக்குப் பொருந்தின.

சாயங்காலம் அண்ணன் வந்தார். காலிக் குடங்களைப் பார்த்தார். இறவாரத்தில் ஹாரனைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நான் கத்துற சாதனம்னல்லே சொன்னேன்?"

"கத்துச்சுங்கண்ணா! படகுத் துறை வரைக்கும் கத்துச்சு! ஆனா அக்காவுக்குக் காது கேக்காதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே!"

"அதான் கத்தணும்னு சொன்னேன்!"

"காது கேக்காதவங்களுக்கு எதுக்குங்கண்ணா கத்தறது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். அவருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. வீட்டுக்குள் தொங்கிய பல்பைக் காட்டினார். "இது இப்ப என்ன செய்யுது?"

"எரியுது."

"எரியுதா! நாங்க அப்படிப் பறய மாட்டோம். இது கத்துது. தோ, கத்திக்கிட்டிருக்கு பாரு."

நான் பல்பைப் பார்த்தேன். அது பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மலையாளத்தில் விளக்கு கத்தும். தீ கத்தும். தீய்ந்துபோனாலும் 'கத்திப்போயி'தான். கடைக்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து "கத்திப்போயி" என்று சொன்னவர்களிடம் "எந்த மாதிரி சத்தம் வந்துச்சுங்க?" என்று நான் கேட்டதும், அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்ததும் அந்த வாசற்படியில்தான் எனக்கு விளங்கியது. அண்ணன் என் கைதட்டு விளக்கைப் பார்த்துத்தானே படியேறி வந்தார்! 'அதுபோல' என்று வேறு சொன்னாரே!

என்ன விஷயம் என்று அக்கா கையால் கேட்டார். அண்ணன் பல்பைக் காட்டி, வாயைப் பிளந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிற மாதிரி நடித்துக் காட்டி, என்னைச் சுட்டினார். அக்கா மெஷின் மீது கவிழ்ந்து சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க, மூச்சு மட்டும் வரும் சிரிப்பு. அண்ணனும் சிரித்தார். சிரித்து முடித்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீர் வரும் முக்குக்குக் கிளம்பினார். போகும்போது, "விடு தம்பி. குவார்ட்டர்ஸே மதி, அது போதும். நாளைக்குப் பறஞ்சிர்றேன்" என்றார்.

"நாலு நாள் பொறுங்கண்ணா! விளக்கு மாத்தறது ஒரு வேலையே இல்லீங்க!"

ஹாரனைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு பல்பு. கம்பியை நீட்டி ஜன்னல் சட்டத்தில் மாட்டினேன். அண்ணன் வீட்டில் இருக்கும்போதே குழியில் ஒரு கப் தண்ணீர் ஊற்றினேன். பல்பு அழகாகக் 'கத்தியது'. அக்கா பார்க்கவில்லை. ஜாக்கெட் கை ஒன்றை ஊசிக்கடியில் திருப்பிக்கொண்டிருந்தார். கண் ஊசி நுனியை விட்டு நகரவில்லை. இன்னும் ஒரு கப் ஊற்றினேன். இன்னும் பெரிய பல்பைப் போட்டேன். பகல் வெளிச்சத்தில் அது தக்காளிப் பழம் மாதிரி சும்மா இருந்தது.

"தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே நான் அவசரத்தில் உள்ளே போய்க் கையை நீட்டினேன்.

"ஏய்! தொடாதே!" அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "மெஷின் ஓடுறப்ப அவளைத் தொடப்படாது. திடுக்குன்னா ஊசி வெரல்ல கேறிடும். ஒருக்கா கேறியிருக்கு, நகத்துல."

பிறகு அவர் செய்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரிசை வீடுகள் எல்லாமே இருட்டு. அதனால் பகலிலும் அக்காவின் மெஷின் மேல் வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அண்ணன் போய் அந்த விளக்குக்கு முன்னால் உள்ளங்கையை மெல்ல ஆட்டினார். துணியின் மேல், ஊசிக்குப் பக்கத்தில், நிழல் இரண்டு தடவை வந்து போனது. அக்கா காலை மிதியிலிருந்து எடுத்தார், சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார், ஊசியைத் தூக்கினார், அப்புறம்தான் நிமிர்ந்தார்.

அந்த வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான். துணி கொடுக்க வரும் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"அண்ணா! அந்த விளக்கே போதுங்கண்ணா! புது விளக்கே வேண்டாம்! இருக்கற விளக்கை ஆட்டிவிட்டாப் போதும்!"

"எந்தா?"

"நீங்க கையில செய்யறதை ரிலே செய்யட்டும்!"

மச்சுக்கு மூன்று மூன்று படியாக ஏறினேன். தண்ணீர் வந்ததும் அந்த விளக்கு அணையட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் அதைச் சைகையில் சொன்னதும் அக்காவே அதை அடித்துவிட்டார். தையல் சாக்கட்டியால் மேஜைப் பலகையில் ஏதோ எழுதிக் காட்டினார். மலையாளம். எனக்குப் படிக்கத் தெரியாது. நான் தமிழில் எழுதினால் அவருக்குத் தெரியாது. உடனே அழித்துவிட்டுப் படம் போட்டார்: ஒரு பல்பு, மேலே பெருக்கல் குறி. ஒரு பொம்பளை குடத்தோடு ஓடுகிறாள். குழாயில் தண்ணீர் இல்லை. பொம்பளை தலையில் கை. கரண்ட் போகும்போதெல்லாம் தான் குடத்தோடு ஓட வேண்டியிருக்கும் என்கிறார்! அந்தக் காலத்தில் சாயங்காலமானால் பவர்கட் உண்டே. சரி, அணையக் கூடாது. விட்டு விட்டு மின்ன வேண்டும், நிழல் ஆடுவது மாதிரி. அதற்கென்றே எட்டுக் கால் உள்ள ஒரு டைமர் ஐ.சி. இருக்கிறது. மின்னும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகும் வைக்கலாம். எனக்குச் சந்தோஷத்தில் சால்டர் எங்கே வைக்கிறேன், விரலை எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. ஒரு கொப்புளம் வந்தது.

மாட்டி முடித்த அன்று எடவப்பாதி மழை தொடங்கியது. தூறல் விழுந்ததுமே விளக்கு மின்ன, அக்கா குடத்தோடு குழிக்கு ஓடி, நனைந்து, வெறும் குடத்தோடு நின்று வானத்தைப் பார்த்தார். எதிர்த் திண்டிலிருந்து சேச்சி, "மழை பெய்யுதுன்னு அறிய ஒரு மெஷினா? எங்களுக்கு ஓடு ஒழுகினா மதியே!" என்றார். வெட்கத்தோடு ஒரு சிரட்டையைப் பாதியாகப் பிளந்து கம்பிகளுக்குக் குடை வைத்தேன். அதற்கப்புறம் மழை அதை ஏமாற்றவில்லை.

சேச்சிக்கு வேறொரு கோபமும் இருந்தது. "எங்க ஹாரனை எதுக்குடா அழிச்செடுத்தே? நல்ல சாதனம் இருந்தது. இப்போ பழைய மாதிரி காத்துக் கிடக்கணும்." சந்தில் மற்றவர்களும் அதையே கேட்டார்கள். ஹாரன் கத்தினால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. கத்தாவிட்டால் சந்துக்கு என்மேல் கோபம். நான் ஹாரனை ஏணிப்படிக்கு அடியில் தள்ளி வைத்தேன். மாதம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

அடுத்த தண்ணீர் வந்தபோது அண்ணன் ஏலூரில். எனக்கு விடுமுறை. ஏணிப்படியில் உட்கார்ந்து உடைந்த வாக்மேன் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தவன், ஜன்னலுக்குள் வெளிச்சம் துடிப்பதைப் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன். திருகாணிகள் எல்லாம் மடியிலிருந்து சந்தில் உருண்டன.

விளக்கு மின்னுகிறது. துணியில் நிழல் ஆடுகிறது. அக்கா காலை எடுத்தார். சக்கரத்தை நிறுத்தினார். ஊசியைத் தூக்கினார். அப்புறம், நம்புவீர்களா, நிதானமாக நூலைக் கத்தரித்தார். துணியை உதறி மடித்தார். 'போங்கக்கா, போங்கக்கா' என்று நான் வெளியே கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன். குண்டூசியைக் குட்டி ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தார்.

சந்தில் ஒரு ஈ காக்காய் கிடையாது. குழாய் முதலில் இருமி, துருத் தண்ணீரைத் துப்பி, பிறகு வெள்ளையாக, விரல் தடிமனில் கொட்டியது. ஒரு குடம். இன்னொன்று. நான் இறங்கித் தூக்கிக் கொடுத்தேன். பக்கெட், அண்டா, சோற்றுப் பானை வரைக்கும் நிறைந்தது. அக்கா என் மச்சைக் காட்டி, உன் குடம் எங்கே என்று கேட்டார். அதையும் நிறைத்தார்.

பிறகு நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துச் சந்தைப் பார்த்தார். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சேச்சிக்குச் சேதி தெரியாது. அக்கா ஏணிப்படிக்கடியில் கிடந்த ஹாரனைக் காட்டினார். அப்புறம் சந்தைக் காட்டினார். விரலால் காற்றில் ஒரு பொத்தானை அமுக்கினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரி வயரை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, வாசல் நிலையில் ஒரு காலிங்பெல் சுவிட்சோடு ஹாரனை இணைத்தேன். அக்கா அமுக்கினார். பாட்டு, குரைப்பு எல்லாம். அவருக்கு அது எதுவும் கேட்கவில்லை. ஆனால் கதவுகள் திறப்பதையும், சேச்சி ஈரக் கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதையும் பார்த்தார். இன்னொரு தரம் அமுக்கினார். மேட்டு வீட்டுக்காரர் பனியனோடு ஓடி வந்தார். மூன்றாவது தரமும் அமுக்கினார். தேவையே இல்லை, ஆசைதான்.

"மதி மோளே, மதி! எல்லாரும் வந்நு!" என்று சேச்சி சிரித்துக்கொண்டே கை காட்டினார்.

அன்று இருட்டும் நேரத்தில் அண்ணன் வந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் குடங்களாக இருந்தன. ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். அக்கா கையை ஆட்டி ஆட்டி, சந்தில் யார் யார் எப்படி ஓடினார்கள் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பனியன்காரரின் ஓட்டத்துக்குச் சிரிக்காமல், பானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரமும் ஒரு நாள் அப்படி நிறைந்திருந்தது. அதற்கு மறுவாரமும்.

மாதக் கடைசியில் ஒருநாள் குழியோரம் பல் விளக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். "குவார்ட்டர்ஸ் வேண்டாம்னு பறஞ்சாச்சு தம்பி. இன்னொருத்தனுக்கு அனுவதிச்சுட்டாங்க."

எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது: "பின்னே? அவ போயிட்டா ஹாரன் நீயா அடிப்பே? ஏலூர்லேர்ந்தா?"

நான் மச்சுக்கு ஏறப் போனேன். அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து கையசைத்து உள்ளே கூப்பிட்டார். விளக்கைக் காட்டி, கண்ணைச் சுருக்கி, நெற்றியைத் தேய்த்துக் காட்டினார். மின்னுவது வேகமாக இருக்கிறது, கண் கூசுகிறது. "இதோ சரி பண்ணிர்றேனுங்கக்கா" என்று நான் ஸ்க்ரூடிரைவர் எடுக்கத் திரும்புவதற்குள், தையல் மெஷின் பாபினைத் திருகும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவரே பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே இருந்தவற்றை ஒருமுறை பார்த்தார். எது என்று கண்ணால் கேட்டார். நான் அந்தச் சின்னத் திருகைக் காட்டினேன். அண்ணனைக் குழியில் ஒரு கப் தண்ணீர் ஊற்றச் சொன்னோம்.

விளக்கு படபடத்தது. அக்கா திருகை முடியளவு திருப்பினார். கொஞ்சம் மெதுவானது. இன்னும் முடியளவு. துணி மேல் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி, யாரோ பக்கத்தில் நின்று உள்ளங்கையை ஆட்டுகிற வேகத்துக்கு வந்தது. அவர் தலையை ஆட்டினார். மூடியை அவரே மாட்டிக்கொண்டார்.